ஒரே ரவுட்டரைப் பல ரவுட்டர்களாகப் பிரித்தால் அவை உண்மையிலேயே தனித்தனியாக இயங்குமா?

எந்த முறையில் பிரிக்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது. பலரும் எல்லாவற்றையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்கிறார்கள்.

எளிய முறை வி.ஆர்.எஃப். (Virtual Routing and Forwarding). இதில் ஒவ்வொரு பிரிவுக்கும் தனி ரவுட்டிங் அட்டவணை, அதாவது எந்த முகவரிக்கு எந்த வழி என்று சொல்லும் பட்டியல், உண்டு. இரண்டு வாடிக்கையாளர்கள் 10.0.0.0/8 என்ற ஒரே முகவரித் தொகுதியைப் பயன்படுத்தினாலும் மோதல் வராது. தரவுப் பாக்கெட் எந்த இடைமுகம் (இணைப்பு முனை) வழியாக நுழைந்ததோ அதற்குரிய அட்டவணையை மட்டுமே ரவுட்டர் பார்க்கும். ஆனால் பிரிக்கப்படுவது அட்டவணைதான். ரவுட்டிங் மென்பொருள் பொதுவாக ஒன்றே. அது விழுந்தால் எல்லாப் பிரிவுகளும் சேர்ந்தே தடுமாறும்.

ஜூனிப்பர் நிறுவனத்தின் ரவுட்டர்களில் உள்ள லாஜிக்கல் சிஸ்டம் என்ற முறை ஒரு படி மேலே போகிறது. ஒவ்வொன்றுக்கும் ரவுட்டிங் செயல்முறை தனியாக ஓடும். நிர்வாகியையும் தனியாக நியமிக்கலாம். ஒரே போர்ட்டை வி.லான் (VLAN, ஒரே இணைப்புக்குள் பிரித்த மெய்நிகர் வலையமைப்பு) வாரியாகப் பிரித்து வெவ்வேறு பிரிவுகளுக்குக் கொடுக்கவும் முடியும். சிஸ்கோ நிறுவனத்தின் நெக்சஸ் 7000 சுவிட்சுகளை இப்படிப் பிரிக்கும் வி.டி.சி. (Virtual Device Context) முறையில் பொதுவாக அது நடக்காது; ஒரு போர்ட் முழுமையாக ஒரே பிரிவுக்குத்தான் சொந்தம்.

எந்த முறையானாலும் மின்சாரமும் பெட்டியும் பொதுவானவை. பெட்டி நின்றால் அத்தனையும் நிற்கும். ஆகவே முதன்மை ரவுட்டரையும் அதன் மாற்று ரவுட்டரையும் ஒரே பெட்டிக்குள் அமைப்பது வெறும் கண்துடைப்பு. சோதனைக்கூடத்துக்கோ வாடிக்கையாளர்களைப் பிரித்து வைக்கவோ இது அருமையான வசதி. போக்குவரத்தைப் பிரிப்பது மட்டுமே நோக்கமென்றால் வி.ஆர்.எஃப். தாராளமாகப் போதும்.