டிரக் ஹிஸ்டரி எடுப்பது எப்படி: பார்மசி டெக்னீஷியனிடம் கேள்வி பதில்

இங்கிலாந்து மருத்துவமனை வார்டுகளில் நோயாளி வீட்டில் என்ன மருந்து எடுக்கிறார் என்று பதிவு செய்யும் வேலையை, அதாவது டிரக் ஹிஸ்டரியைப் பற்றி மட்டும் கேளுங்கள். உங்கள் சொந்தக் குளிசைகளை (மாத்திரைகளை)ப் பற்றிக் கேட்டால் பதில் வராது.

கேள்வி: அக்கா, ஜிபியின் (குடும்ப டொக்டரின்) பட்டியல் கணினியிலேயே வருகிறது. பிறகு நோயாளியை ஏன் எழுப்பிக் கேட்க வேண்டும்?

அந்தப் பட்டியல் ஜிபி எழுதிக் கொடுத்தது. நோயாளி விழுங்கியது வேறாக இருக்கலாம். முதலில் ஒவ்வொரு மருந்தும் கடைசியாக எப்போது வழங்கப்பட்டது என்று பாருங்கள். 28 நாள் மருந்து, நான்கு மாதம் முன் வாங்கியது என்றால் அதை அவர் எடுக்கவில்லை, அல்லது வேறெங்கோ இருந்து வருகிறது. இரண்டில் எது என்று நோயாளியிடம்தான் கேட்க வேண்டும்.

அந்தப் பட்டியலில் பெரும்பாலும் இல்லாதவை: மருத்துவமனை நேரே கொடுக்கும் எச்ஐவி மருந்துகள், புற்றுநோய்க் குளிசைகள், குளோசபின் என்ற மனநோய் மருந்து, மூட்டுவாத ஊசிகள், போதைப் பழக்கத்துக்குக் கொடுக்கும் மெதடோன், கடையில் வாங்கியவை, ஊரிலிருந்து வந்தவை. குளோசபினைத் தவறவிட்டு 48 மணி நேரம் தாண்டினால் பழைய அளவைத் திரும்பக் கொடுக்க முடியாது, 12.5 மில்லிகிராமில் இருந்து மீண்டும் ஏற்ற வேண்டும். அதனால் குறைந்தது இரண்டு மூலங்கள் வேண்டும், முடிந்தவரை ஒன்று நோயாளியாக இருக்கட்டும். சிகிச்சை வழிகாட்டுதல்களை வெளியிடும் நைஸ் அமைப்பின் 2015 ஆவணம், நோயாளி அட்மிட் ஆனதிலிருந்து இதைச் சரிபார்த்து முடிக்கத் தரும் கெடு 24 மணி நேரம். கனடாவில் 151 நோயாளிகளை ஆராய்ந்து 2005இல் வெளியிட்டார்கள்: பாதிக்கு மேற்பட்டவர்களுக்கு, வீட்டில் எடுத்த மருந்துக்கும் மருத்துவமனையில் எழுதியதற்கும் இடையே யாரும் நினைத்துச் செய்யாத ஒரு வேறுபாடாவது இருந்தது. அதில் அதிகம், மருந்து விடுபட்டுப்போனது.

மெத்தோட்ரெக்சேட் (மூட்டுவாதத்துக்கு வாரம் ஒருமுறை எடுப்பது) இருந்தால் கிழமையை எழுதுங்கள். 'வாரம் ஒருமுறை' போதாது. 'திங்கள்' என்று எழுதுங்கள்.

கேள்வி: என்ன வரிசையில் கேட்பது?

பட்டியலை வாசித்து 'ஓமா, ஓமா' என்று கேட்காதீர்கள். எல்லாவற்றுக்கும் ஓம்தான் வரும். 'காலையில் எழும்பினதும் என்ன போடுவீங்க?' என்று தொடங்கி இரவு வரை போங்கள். பிறகு உடம்பைச் சுற்றி வாருங்கள்: கண்துளி, மூக்கு ஸ்பிரே, மூச்சுக்கு இழுக்கும் பம்ப், பூச்சு, ஊசி, தோலில் ஒட்டும் பட்டை. பிறகு நாள் இடைவெளி உள்ளவை: 72 மணி நேரத்துக்கு ஒருமுறை மாற்றும் ஃபென்டனில் வலிப் பட்டை, 12 வாரத்துக்கு ஒருமுறை பி12 ஊசி, ஆறு மாதத்துக்கு ஒருமுறை டெனோசுமாப் என்ற எலும்பு ஊசி. இவற்றை யாரும் தாமாகச் சொல்வதில்லை, குளிசை இல்லையே! பனடோலும் அப்படித்தான், பலர் அதை மருந்தாகவே எண்ணுவதில்லை. பனடோல் பாரசிட்டமோல்தான், கோ-கோடமோல் என்ற வலிக் குளிசையிலும் அது உண்டு. இரண்டும் எடுப்பவருக்கு இரட்டைப் பாரசிட்டமோல்.

கடைசியாகப் போட்ட நேரத்தையும் கேளுங்கள். இரத்தம் உறையாமல் தடுக்கும் மருந்து என்றால் சத்திரசிகிச்சைக் குழு முதலில் கேட்பது அதைத்தான். பார்க்கின்சன் மருந்துக்கு 'நாளுக்கு நான்கு' என்று எழுதாமல் கடிகார நேரத்தை எழுதுங்கள். உறுப்பு மாற்றியவர்கள் எடுக்கும் டாக்ரோலிமஸ், மனநோய்க்கான லித்தியம் இரண்டுக்கும் பிராண்ட் பெயர் கட்டாயம்.

கேள்வி: மேடம், சென்னையிலிருந்து வந்த அப்பா அட்மிட் ஆகியிருக்கிறார். பையில் இந்திய மருந்துகள். டெக்னீஷியன் எப்படிக் கண்டுபிடிப்பார்?

பையை அப்படியே கொண்டுபோய்க் கொடுங்கள். அட்டையை வெட்டி டப்பாவில் போடாதீர்கள், பெயரும் அளவும் அதில்தான் இருக்கின்றன. எங்கள் பக்கத்தில் வழுக்குமிடம் கூட்டு மருந்துகள். கிளைக்கோமெட் ஜிபி 1 என்பதில் உள்ள 'ஜிபி' குடும்ப டொக்டர் அல்ல, கிளிமெப்பிரைட். மெட்ஃபோர்மின் 500 என்று மட்டும் எழுதினால் இன்னொரு சர்க்கரை மருந்து காணாமல் போகும். எக்கோஸ்பிரின் ஏவியில் அஸ்பிரினோடு அட்டோர்வாஸ்டட்டினும் உண்டு. டோலோ ஒன்று 650 மில்லிகிராம், இங்குள்ள பாரசிட்டமோல் 500.

இன்சுலின்தான் பெரிய பயம். இந்தியக் குப்பிகளில் பல மில்லிக்கு 40 யூனிட், இங்கே வழமை 100. அப்பா 'அரை மில்லி' என்றால் அங்கே 20 யூனிட், இங்கே 50. சிவப்பு மூடி ஊசி 40க்கு, செம்மஞ்சள் மூடி 100க்கு. ஊசியையும் சேர்த்துக் கொடுங்கள். சித்த மருந்து, பற்பம், செந்தூரம் இருந்தால் மறைக்க வேண்டாம், யாரும் திட்டமாட்டார்கள். சிலவற்றில் பாதரசம், ஈயம் இருக்கும், அதனால்தான் கேட்கிறோம்.

கேள்வி: அம்மாவுக்கு பிரஷர் குளிசை இரண்டு வேளை கொடுக்கலாமா?

அது சொந்தக் குளிசை. என்எச்எஸ் மருத்துவ ஆலோசனை எண் 111க்கு அழையுங்கள்.

கேள்வி: தமிழ்நாட்டில் டி.பார்ம் முடித்தேன். அங்கே வந்து சேரலாமா?

டி.பார்ம் இந்தியாவில் பார்மசிஸ்ட் பதிவுக்கானது. இங்கே 2011 ஜூலையிலிருந்து 'பார்மசி டெக்னீஷியன்' என்று சொல்லிக்கொள்ளவே, பார்மசித் தொழிலை ஒழுங்குபடுத்தும் ஜிபிஎச்சி அமைப்பின் பதிவு வேண்டும். அவர்களையே கேளுங்கள்.

கேள்வி (ஒரு டொக்டர்): இது பார்மசிஸ்ட் செய்ய வேண்டிய வேலை இல்லையா?

லொஸ் ஏஞ்சலிஸ் சீடார்ஸ்-சைனாய் மருத்துவமனையில் 306 நோயாளிகளை வைத்துச் சோதித்து 2018இல் வெளியிட்டார்கள். வழமையான முறையில் ஒரு வரலாற்றில் சராசரி 8 பிழை, பார்மசிஸ்ட் எடுத்தால் 1.4, பார்மசிஸ்ட் மேற்பார்வையில் டெக்னீஷியன் எடுத்தால் 1.5. எல்லை தெளிவு: வேறுபாட்டை நாங்கள் எழுதுவோம். நிறுத்துவதா தொடர்வதா என்பது உங்கள் முடிவு. ரமிப்ரில் (பிரஷர் குளிசை) வார்டு மருந்துச் சார்ட்டில் இல்லை என்றால் வேண்டுமென்றே நிறுத்தினீர்களா, மறந்தீர்களா என்று ஒரு வரி எழுதி வையுங்கள், போதும்.

கேள்வி (வார்ட் தாதி): பக்கத்தில் மகள் இருக்கும்போது மொழிபெயர்ப்பாளர் எதற்கு? குளிசை எடுத்துக் கொடுப்பதே மகள்தான்.

அப்படியானால் மகள் ஒரு மூலம். அவரைத் தனியாகக் கேளுங்கள். மொழிபெயர்ப்பாளர் ஆக்காதீர்கள். நித்திரைக் குளிசையையும், குப்பையில் போட்ட குளிசையையும் அம்மா மகளின் வாயால் சொல்லமாட்டார்.

அதே தாதி: தொலைபேசியில் ஆள் வரவே நேரமாகும். வந்தவருக்குக் குளிசை என்றால் மாத்திரை என்று தெரியாது. 'நோ இருக்கு' (வலிக்கிறது) என்றால் 'இல்லை' என்று மொழிபெயர்க்கிறார்.

நியாயம். பதிவு செய்யும்போதே 'இலங்கைத் தமிழ்' என்று குறிப்பிடுங்கள். இன்சுலின், வலிப்பு, பார்க்கின்சன் மருந்துகளுக்குக் காத்திருக்கவும் வேண்டாம். மகளிடம் கேட்டு, 'மகள் சொன்னது' என்று எழுதி, பிறகு உறுதி செய்யுங்கள்.

இன்னொருவர்: நான் தமிழ், நானே கேட்கிறேன். பிரச்சினை தீர்ந்ததே?

உங்கள் மருத்துவமனை விதி அனுமதித்தால் கேளுங்கள். ஆனால் தமிழிலும் பொறி இருக்கிறது. 'மருந்து எடுத்தீங்களா?' என்றால் பார்மசியில் போய் வாங்கினீர்களா என்றும் பொருள், விழுங்கினீர்களா என்றும் பொருள். வாங்கி அலுமாரியில் வைத்தவரும் உண்மையாகவே ஓம் சொல்வார். 'நேற்று போட்டீங்களா, எத்தனை மணிக்கு?' என்று கேளுங்கள்.

அதே தாதி: அப்ப தமிழ் டெக்னீஷியன் இருந்தும் குழப்பம்தான்!

குழப்பம்தான். அதற்குத்தான் மீதிக் குளிசையை எண்ணுகிறோம். லேபலில் மூன்று வாரம் முன் 28 என்று இருக்க, பெட்டியில் 26 இருந்தால் எந்த மொழியும் தேவையில்லை.

கேள்வி: ஜிபி பட்டியல் இருந்தால் போதாதா?

முதல் பதிலைத் திரும்ப வாசியுங்கள். மெத்தோட்ரெக்சேட்டுக்குக் கிழமை எழுத மறக்காதீர்கள்.