முழங்காலுக்குப் பின்னால் நீர்க்கட்டி: வெட்டி எடுக்க வேண்டுமா?

உம்மாவின் முழங்காலுக்குப் பின்னால் வீக்கம், ஸ்கேனில் 'பேக்கர்ஸ் சிஸ்ட்' என்று வந்திருக்கிறது, ஒப்பரேஷன் செய்யணுமா, ஊசியால் நீரை எடுத்தால் போதுமா என்று கேட்டிருக்கிறீர்கள். நான் மருதமுனையில் தறி நெய்கிறவன். எனக்கும் இதே கட்டி வந்தது. பெரும்பாலானவர்களுக்கு இரண்டுமே தேவைப்படாது தம்பி.

கட்டி தனி வருத்தமில்லை. மூட்டில் தேய்வோ, சவ்வுக் கிழிவோ, வாதமோ இருந்தால் உள்ளே நீர் அதிகமாகச் சுரந்து பின்பக்கப் பைக்குள் போய்த் தேங்கும். அந்தக் காரணத்தைக் கவனிக்காமல் ஊசியால் மட்டும் எடுப்பது, ஊற்றை விட்டுவிட்டுக் கிணற்றை இறைக்கிற வேலை. திரும்பவும் நிறையும்.

டொக்டர் என்னைக் குப்புறப் படுக்கவைத்து விரலால் அழுத்திப் பார்த்தார். காலை நீட்டினால் கட்டி இறுகியது, பாதி மடக்கியதும் தளர்ந்தது. துடிக்கிறதா என்றும் பார்த்தார். துடித்தால் இரத்தக்குழாய் வீக்கமாக இருக்கலாம், அதில் ஊசி போடக்கூடாதாம்.

எனக்குத் தேய்வுதான் காரணம். தறி மிதிப்பதைக் குறைத்தேன். வீக்கம் கூடினால் ஐஸைத் துணியில் சுற்றிக் கால்மணி நேரம் வைப்பேன். பிசியோதெரபியில் முன்தொடையைப் பலப்படுத்தும் பயிற்சி தந்தார்கள். செய்ய அலுப்பாக இருக்கும், ஆனால் நடை தேறியது அதனால்தான் என்பேன். கதிரையில் இருந்து தொழுவதும் பெரிய உதவி, ஏனென்றால் இருப்பில் காலை முழுக்க மடக்கும்போதுதான் பின்பக்கம் இழுத்துப் பிடிக்கும். உம்மா சம்மதிப்பாவோ தெரியாது, சொல்லிப் பாருங்கள். நோவுக் குளிசையை மட்டும் பார்மசியில் சும்மா வாங்கிக் கொடுக்காதீர்கள். அல்சர், சிறுநீரகக் கோளாறு, பிரஷர் உள்ளவர்களுக்குச் சில குளிசை ஆகாது.

இவ்வளவுக்கும் அடங்காவிட்டால் ஸ்கேனில் பார்த்தபடி நீரை எடுத்து ஸ்டீரொய்ட் ஊசி போடுவார்கள். சீனி வருத்தம் இருந்தால் சில நாளைக்குச் சீனி ஏறும், முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். சவ்வு கிழிந்திருந்தால் சிறு துளை வழியாகக் கமரா விட்டு அதைச் சரிசெய்வதுண்டு. கட்டியையே வெட்டி எடுப்பது அரிது. பக்கத்திலேயே பெரிய நரம்பும் இரத்தக்குழாயும் ஓடுகின்றன, எடுத்தாலும் மீண்டும் வரலாம்.

எண்ணெய் போட்டு உருவ ஆள் தேட வேண்டாம். அழுத்தி உருவும்போது கட்டி வெடித்தால் நீர் கெண்டைக்காலுக்குள் இறங்கித் திடீரென வீங்கி நோகும், கணுக்கால் பக்கம் கன்றியும் போகும். காலில் இரத்தம் உறைந்தாலும் கிட்டத்தட்ட அதே வீக்கம், அதே நோவு. வெளியில் பார்த்துப் பிரிக்க முடியாது, இரத்த ஓட்டத்தைக் காட்டும் டொப்ளர் ஸ்கேன் வேண்டும். உறைந்த இரத்தம் நுரையீரலுக்குப் போனால் உயிருக்கே ஆபத்து. அப்படி வீங்கினால் 'விடியட்டும், மறுகா பார்ப்போம்' என்று இருக்காமல் அன்றைக்கே பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள். மூச்சு முட்டினாலோ நெஞ்சு நொந்தாலோ நேரே அவசரப் பிரிவுக்கு.