டாக்டர் ட்ரூம், டாக்டர் ட்ரூயிட்: இருவரும் ஒருவரே

வணக்கம் நண்பரே. 1961 மார்வெல் காமிக்ஸ் கதையில் டாக்டர் ட்ரூம் என்றிருந்த நாயகர், 1976 மறுபதிப்பில் அதே படங்களோடு டாக்டர் ட்ரூயிட் என்று இருப்பதால், வாங்கியது போலிப் பிரதியோ என்று கேட்டிருந்தீர்கள். போலி இல்லை, ஆள் ஒருவர்தான். மார்வெலின் அமேசிங் அட்வென்ச்சர்ஸ் முதல் இதழில் (ஜூன் 1961) ட்ரூமாக வந்தார். மார்வெலின் ஃபென்டாஸ்டிக் ஃபோர் என்ற நாயகர் குழுவுக்கும் மூத்தவர். பிறகு டாக்டர் டூம் என்ற வில்லன் பெரும்புகழ் பெற்றுவிட்டார். இரண்டு பெயர்களும் குழம்பாமல் இருக்க, 1976ல் மறுபதிப்பிட்டபோது இவர் பெயரை மாற்றினார்கள்.

அந்த முதல் கதையை அவசியம் படியுங்கள். சாகக் கிடக்கும் லாமாவைப் பார்க்கத் திபெத் போகிற மருத்துவர், சோதனைகளைத் தாண்டி மந்திர சக்தி பெறுகிறார். 1963ல் வந்த மார்வெலின் மந்திரவாதி நாயகர் டாக்டர் ஸ்ட்ரேஞ்சின் சாயல் இதிலேயே இருக்கிறது. ஆனால் சக்தி கிடைத்ததும் அவர் முகமே ஆசியர் முகமாக மாறுவது எனக்கு இன்றும் உறுத்துகிறது. அந்தக் காலத்து இனப்பார்வை அப்பட்டமாகத் தெரியும் இடம் அது.

அடுத்து 1987-88 அவெஞ்சர்ஸ் இதழ்களைத் தேடுங்கள். அவெஞ்சர்ஸ் நாயகர் அணியில் இருக்கும் ட்ரூயிட், நெபுலா என்ற வில்லியின் வசியத்தில் சிக்கி, தலைமையைப் பிடித்து, அணியையே குலைக்கிறார். இவருக்கு அமைந்த ஆழமான பாத்திரம் அதுதான் என்பேன். 1995ல் வந்த ‘ட்ரூயிட்’ என்ற நான்கு இதழ்த் தொடரைக் கடைசிக்கு வையுங்கள். அவர் மரணம் அதில்தான் வருகிறது.