சட்டைப் பட்டைக்குள் கண்ணாடி

கேள்வி: தி.நகரில் வாங்கிய சட்டையில் ஒட்டியிருந்த வெள்ளை பிளாஸ்டிக் பட்டையைப் பிரித்தேன். உள்ளே மெல்லிய தகடுகள். அதில் ஒன்றை என் மகன் ‘உலோகக் கண்ணாடி’ என்கிறான். அந்தப் பக்கம் தெரியவே இல்லையே, அது எப்படிக் கண்ணாடி?
- வாசகி, பெரம்பூர்

பதில்: பையன் சொன்னது சரிதான். கடையில் திருட்டைப் பிடிக்க ஒட்டுகிற பட்டை அது. பட்டைக்குள் ஒட்டாமல் தளர்வாகக் கிடக்கிறதே, அந்தத் தகடு. அணுக்கள் ஒழுங்கில்லாமல் உறைந்துவிட்டால் எங்கள் பாஷையில் அது கண்ணாடி.

அம்பத்தூர் வார்ப்படப் பட்டறையில் 31 வருஷம் இருந்தவன் நான். மண் அச்சில் ஊற்றிய இரும்பு நிதானமாக ஆறும். அணுக்கள் வரிசைகட்டி உட்கார நேரம் உண்டு. வார்ப்பை உடைத்தால் முறிந்த இடம் கற்கண்டுபோல மினுங்கும். வரிசை கட்டுவதற்குள் உறைய வைத்தால்? 1960-ல் கலிபோர்னியாவின் கால்டெக் தொழில்நுட்பக் கழகத்தில் விஞ்ஞானி போல் டூவெஸ் குழுவினர், உருகிய தங்க-சிலிக்கன் கலவையைத் தாமிரத்தின்மேல் வீசி அறைந்து அதைச் சாதித்தார்கள். குளிரும் வேகம் நொடிக்குப் பத்து லட்சம் டிகிரி என்று படித்தபோது மிரண்டேன். ஆயிரம் டிகிரி இறங்க நொடியில் ஆயிரத்தில் ஒரு பங்கு போதும் என்பதுதான் அதன் கணக்கு.

மெரினாவில் பஞ்சு மிட்டாய் சுற்றுவதைப் பார்த்திருப்பீர்கள். (சாயம் போடாத வெள்ளையைச் சொல்கிறேன்.) உருகிய சர்க்கரை சுழலும் கிண்ணத்திலிருந்து இழையாகப் பறக்கிறது, கற்கண்டாக அதற்கு ஏது நேரம்? இந்த வகைத் தகடும் ஏறக்குறைய அப்படித்தான் பிறக்கிறது. இரும்பு, சிலிக்கன், போரான் கலந்த உருகலைச் சுழலும் தாமிரச் சக்கரத்தின்மேல் பீய்ச்சினால் நாடாவாகக் கழன்று பறக்கும். கனம் 25 மைக்ரான் போல, தலைமுடியைவிட மெல்லிசு. கனம் கூடினால் நடுவிலுள்ள சூடு சீக்கிரம் வெளியேறாது, அணுக்கள் வரிசைக்கு வந்துவிடும்.

வரிசை இல்லாததால் தகட்டின் காந்தத் திசை சுலபமாகப் புரளும். காசு கட்டாத சட்டை கடை வாசல் கம்பத்தைத் தாண்டும்போது, கம்பத்தின் காந்த அலைக்கு இந்தத் தகடு நொடிக்குச் சுமார் 58,000 தடவை அதிர்ந்து காட்டிக்கொடுப்பது அதனால்தான். சில டிரான்ஸ்ஃபார்மர்களுக்குள்ளும் இதே இனத் தகடுதான். வீணாகும் மின்சாரம் குறையும்.

அப்புறம், உங்கள் தகட்டைத் தூக்கிப் போடாதீர்கள். மடக்கிப் பாருங்கள், உடையாது. இடுக்கியில் பிடித்து அடுப்பில் சிவக்கக் காட்டி, ஆறவிட்டு மடக்கினால் அப்பளம்போல நொறுங்கும். சூட்டில் அணுக்கள் வரிசைக்கு வந்திருக்கும். நான் வெறுங்கையால் மடக்கப் போய் விளிம்பு விரலைக் கிழித்துவிட்டது. பையனைத் தனியாகச் செய்ய விடாதீர்கள்.