டேபி என்பது தனி இனம் இல்லைங்க

வணக்கம். ஓசூரில் ஒருவர் "டேபி இனம்" என்று சொல்லி ஒரு பூனைக்குட்டிக்கு ஆறாயிரம் ரூபாய் கேட்கிறார், கொடுக்கலாமா என்று கேட்டிருந்தீர்கள். அந்தப் பேருக்காகத் தயவுசெய்து பணம் கொடுக்காதீர்கள். டேபி என்பது ரோமத்தில் விழும் கோலம் மட்டும்தான். நம்ம தருமபுரித் தெருப்பூனைகளை உற்றுப் பாருங்கள்: நெற்றியில் ஆங்கில எம் எழுத்து, கண்ணோரத்திலிருந்து கன்னத்துக்கு ஓடும் கோடு, வாலில் வளையங்கள். அதெல்லாம் டேபிதான்.

விலாவில் மெல்லிய கோடுகள் மீன்முள் மாதிரி இறங்கினால் மேக்கரல், அகலமாகச் சுழன்றால் கிளாசிக். புள்ளிகளாகவும் வரும். உடம்பில் கோடே இல்லாமல், ஒவ்வொரு முடியிலும் வெளிர்நிறமும் கருநிறமும் மாறி மாறி இருந்தால் டிக்டு. அபிசீனியன் பூனை இந்த வகை. செவலைப் பூனை என்றால் லேசாகவாவது கோடு தெரியும்.

இணையத்தில் டேபி என்று தேடினால் துணியும் சுவரும் வருகிறது என்றீர்கள். பாக்தாத்தின் அத்தாபியா பகுதியில் நெய்த கோடுபோட்ட பட்டின் பேர்தான் பூனைக்கு வந்தது. சாதா நெசவையும் டேபி என்பார்கள். சுவர் விஷயம் வேறு: அமெரிக்கத் தென்கிழக்குக் கடலோரத்தில் சிப்பிச் சுண்ணாம்பு, மணல், சிப்பி ஓடு கலந்து அந்தக் காலத்தில் கட்டிய சுவருக்கும் டேபி என்றுதான் பேர்.

சரி, குட்டி மனசுக்குப் பிடித்துவிட்டதா? தடுப்பூசி போட்டார்களா, குடற்புழு மருந்து கொடுத்தார்களா என்று கேளுங்கள். வெறிநாய்க்கடி தடுப்பூசி மூன்று மாத வயதில் போட வேண்டும். அதற்குப் பக்கத்து அரசு கால்நடை மருத்துவமனையில் விசாரியுங்கள்.