வீட்டுப் பத்திரத்துக்குப் பக்கத்தில் ஒரு காலண்டர் தாள்

போன மாதம் ஒரு சனிக்கிழமை காலை, பட்டர்வொர்த்திலிருந்து ஒரு குடும்பம் மேற்படிப்பு பற்றி ஆலோசனை கேட்க என்னைப் பார்க்க வந்தது. அப்பா துறைமுகத்தில் சூப்பர்வைசர். அம்மா வீட்டிலேயே சமைத்து ஆர்டர் எடுக்கிறார். மகள் பல்கலைக்கழகத்துக்கு முந்தைய எஸ்டிபிஎம் தேர்வை முடித்திருக்கிறாள், மதிப்பெண்ணும் நன்றாகவே வந்திருந்தது. உட்கார்ந்ததும் அப்பா பிளாஸ்டிக் ஃபைலைத் திறந்து வீட்டுப் பத்திரத்தின் நகலை மேசைமேல் வைத்தார்.

"மெடிசின்தான் டீச்சர். வெளிநாட்டுல சீட் இருக்குன்னு ஏஜென்ட் சொல்றாரு. வீட்ட அடகு வெச்சிடலாம்னு முடிவு பண்ணிட்டோம். எந்த காலேஜ்னு மட்டும் நீங்க சொல்லுங்க."

ஈப்போவில் இருக்கும் பெரியப்பாவின் மகன் டாக்டர். தீபாவளிக்குத் தீபாவளி அந்தப் பேச்சுதான். பிள்ளை பரீட்சைக்குப் பிறகு ஒரு கிளினிக் கவுண்டரில் பகுதிநேர வேலைக்குப் போகிறாள் என்றதும், "பாத்தீங்களா, அவளுக்கே ஆசை இருக்கு" என்றார் அம்மா. பிள்ளை வாயே திறக்கவில்லை.

அங்கே என்ன வேலை செய்கிறாய் என்று அவளிடம் கேட்டேன். தயங்கித் தயங்கிப் பையிலிருந்து மடித்த தாள் ஒன்றை எடுத்தாள். கிழித்த மாதக் காலண்டரின் பின்பக்கம். நோயாளி கதவைத் தள்ளி உள்ளே வருவதிலிருந்து மருந்தை வாங்கிக்கொண்டு வெளியே போவது வரை கட்டங்களும் அம்புகளுமாக வரைந்திருந்தாள். நடுவில் ஒரு கேள்வி: "பேனல் கார்டா, ரொக்கமா?" பேனல் என்றால், வேலை செய்யும் பேக்டரியிடமிருந்து உறுதிக் கடிதம் வர வேண்டும். அந்த அம்புக்குப் பக்கத்தில் சிவப்பு மையில் "20 நிமிடம்" என்று எழுதியிருந்தாள். பதிவு, கடிதம், மருந்து மூன்றையும் ஒரே கவுண்டர் பார்ப்பதால், கடிதத்துக்குக் காத்திருப்பவரால் ரொக்கம் கட்டுபவரும் நிற்கிறார். மருந்தைப் பக்கத்து ஜன்னலுக்கு மாற்றலாம் என்று அவள் சொல்ல, கிளினிக்கிலும் மாற்றிவிட்டார்கள்.

அந்தத் தாளை நான் வெகுநேரம் பார்த்தேன். மூன்று மாதம் கிளினிக்கில் இருந்த பிள்ளையின் தாளில் ஒரு நோயின் பெயர்கூட இல்லை. அவள் கண் முழுக்க வேலை எங்கே ஓடுகிறது, எங்கே தேங்குகிறது என்பதில்தான் இருந்தது.

அப்பாவிடம் நேராகவே சொன்னேன். ஐயா, உங்களுக்கு 54 வயது. படிப்பு ஐந்து ஆண்டு, அதற்குப் பிறகு ஹவுஸ்மேன் என்ற மருத்துவமனைப் பயிற்சி இரண்டு ஆண்டு. அவள் அதை முடிக்கும்போது உங்களுக்கு 61, வேலையிலிருந்து ஓய்வு பெற்றிருப்பீர்கள். அடகுத் தவணை மட்டும் ஓய்வு பெறாது. ஏஜென்ட் எழுதிக் கொடுத்த 2 லட்சத்து 80 ஆயிரம் மலேசிய வெள்ளியில் விமான டிக்கெட்டும் சாப்பாடும் சேரவில்லை. அந்தக் கல்லூரி மலேசிய மருத்துவ மன்றத்தின் அங்கீகாரப் பட்டியலில் இருக்கிறதா என்று கேட்டேன், உங்களுக்குத் தெரியவில்லை. 2016 டிசம்பரிலிருந்து அரசாங்கம் புது டாக்டர்களை ஒப்பந்தத்தில்தான் எடுத்துவருகிறது. 2021 ஜூலை 26 அன்று அந்த இளம் டாக்டர்கள் ஒப்பந்த முறையை எதிர்த்து மருத்துவமனைகளை விட்டு வெளியே வந்து நின்றதை நாம் எல்லாரும் பார்த்தோம். மனதார விரும்பும் பிள்ளை இத்தனையையும் தாங்கும். விரும்பாத பிள்ளையின் தலையில் வீட்டுக் கடனையும் சேர்த்து வைப்பது சரியில்லை. இதில் நான் இறங்கி வர மாட்டேன்.

எஞ்சினியரிங், அக்கவுண்டிங், சட்டமெல்லாம் உங்களுக்கே தெரியும், அதற்கு நான் தேவையில்லை. அந்தக் காலண்டர் தாளைப் பற்றி மட்டும் பேசுகிறேன்.

அவள் வரைந்ததற்குப் பெயர் தொழில் செயல்முறைப் படம். வேலை எந்த வரிசையில் நடக்கிறது, யார் கையிலிருந்து யார் கைக்குப் போகிறது என்று காட்டுவது. ஆளாளுக்கு ஒரு மாதிரி வரைந்தால் ஒருவர் வரைந்தது இன்னொருவருக்குப் புரியாது. அதனால் உலகம் முழுக்க ஒரே மாதிரி வரையப் பொதுக் குறியீட்டு முறைகளை உருவாக்கினார்கள். இன்று அதிகம் புழங்குவது பிபிஎம்என் (BPMN) என்ற குறியீட்டு முறை. முதல் பதிப்பு 2004இல் வந்தது. 2011இல் இரண்டாம் பதிப்பு. 2013இல் ஐஎஸ்ஓ அதை 19510 என்ற எண்ணில் சர்வதேசத் தரமாக ஏற்றுக்கொண்டது. வட்டம் என்றால் ஒரு நிகழ்வு, முனை மழுங்கிய கட்டம் என்றால் ஒரு வேலை, வைர வடிவம் என்றால் பாதை பிரியும் அல்லது சேரும் இடம்.

இது ஒரு ஆராய்ச்சித் துறையும்கூட என்றேன். இதில் ஆராய என்ன இருக்கிறது என்று அம்மா கேட்டார். கிளினிக்கையே எடுத்துக்கொள்வோம். டாக்டர் ஒரு நோயாளிக்கு ரத்தப் பரிசோதனை அல்லது எக்ஸ்ரே, இரண்டில் ஒன்று எழுதுகிறார். இதைக் காட்டப் பெருக்கல் குறி போட்ட வைரம். இரண்டையும் ஒரே நேரத்தில் செய்யச் சொன்னால் கூட்டல் குறி போட்ட வைரம். இப்போது பாதை பிரியும் இடத்தில் பெருக்கலும், திரும்பச் சேரும் இடத்தில் கூட்டலும் போட்டுவிட்டால் என்ன ஆகும்? கூட்டல் இரண்டு முடிவும் வரட்டும் என்று காத்திருக்கும். ஒன்றுதான் வரும். நோயாளி அந்த நாற்காலியைவிட்டு எழுந்திருக்கவே மாட்டார். கம்ப்யூட்டர் அந்தப் படத்தை வைத்துத்தான் வேலையை நகர்த்துகிறது என்றால் அமைப்பே முடங்கிப் போகும். கண்ணுக்குப் படம் அழகாகத்தான் இருக்கும்.

இப்படிச் சிக்காத படம் எது என்று கணக்கால் நிரூபிப்பது பெரிய ஆராய்ச்சித் துறை. அதன் வேர் ஜெர்மானியக் கணித அறிஞர் கார்ல் ஆடம் பெட்ரி 1962இல் எழுதிய முனைவர் பட்ட ஆய்வில் இருக்கிறது. வட்டங்களுக்கிடையே புள்ளிகளை நகர்த்தி ஓட்டத்தைச் சோதிக்கும் பெட்ரி வலை அங்கிருந்துதான் வந்தது. தொண்ணூறுகளில் நெதர்லாந்துக்காரர் வில் வான் டெர் ஆல்ஸ்ட் அதைத் தொழில் செயல்முறைகளுக்குப் பொருத்தி, எந்த ஓட்டம் ஒழுங்காகத் தொடங்கி ஒழுங்காக முடியும் என்பதற்கு இலக்கணம் வகுத்தார். அதே காலத்தில் ஜெர்மனியில் ஆகஸ்ட் வில்ஹெல்ம் ஷேர் நிகழ்வுகளையும் வேலைகளையும் சங்கிலியாகக் கோக்கும் இன்னொரு முறையைக் கொண்டுவந்தார். எது எதற்குப் பொருந்தும், ஒன்றில் வரைந்ததை இன்னொன்றுக்கு மாற்றினால் எந்தப் பொருள் தொலைகிறது என்ற கேள்விகள் அங்கிருந்துதான் கிளைத்தன.

எனக்கு மிகவும் பிடித்த பகுதி மனிதர்களைப் பற்றியது. 2008இல் மைக்கேல் ட்சூர் மியூலன், யான் ரெக்கர் என்ற இரண்டு ஆய்வாளர்கள், மக்கள் உண்மையில் வரைந்த பிபிஎம்என் படங்களைத் திரட்டி எண்ணிப் பார்த்தார்கள். இருந்த குறிகளில் ஐந்தில் ஒரு பங்குக்கும் குறைவானவையே வழக்கமாகப் பயன்பட்டன. அதற்குப் பிறகு வந்த இரண்டாம் பதிப்போ குறிகளைக் கூட்டியது. நூற்றுக்கு மேல் போய்விட்டது. அப்புறம் அந்த வட்டங்களைப் பாருங்கள். தொடக்கத்துக்கு மெல்லிய கோடு, முடிவுக்குத் தடித்த கோடு, இடையில் வருவதற்கு இரட்டைக் கோடு. மங்கலான ஜெராக்ஸில் தொடக்கம் எது, முடிவு எது? ஒரு குறியைப் பார்த்ததும் மூளை எவ்வளவு சீக்கிரம் அடையாளம் காண்கிறது, எத்தனை கட்டத்துக்கு மேல் போனால் படத்தைப் பிரித்துவிட வேண்டும் என்பதையெல்லாம் ஆட்களை உட்காரவைத்துச் சோதிக்கிறார்கள். கணக்கும் கம்ப்யூட்டரும் மனித மனமும் ஒன்றுசேரும் துறை இது.

இதைச் சொல்லிக்கொண்டிருந்தபோது அப்பாதான் குறுக்கிட்டார். "எங்க போர்ட்லயும் இதே கதைதான். கஸ்டம்ஸ் பேப்பர் வரலன்னா கன்டெய்னர் நிக்கும், லாரி நிக்கும், லாரிக்காரன் எங்கிட்ட சத்தம் போடுவான்." பிள்ளை சட்டென்று நிமிர்ந்து, "பேப்பர் வரும், இல்லன்னா நேரம் முடிஞ்சிடும், எது முதல்ல நடக்குதோ அந்தப் பக்கம் போகணும், இல்லப்பா?" என்றாள். பிபிஎம்என்னில் அதற்கென்றே தனி வைரம் உண்டு. அவளுக்கு அது தெரியாது. தானே அந்த இடத்துக்கு வந்துவிட்டாள்.

சரி, வழி என்ன? முதலில் பட்டப்படிப்பு. மலாயாப் பல்கலைக்கழகத்தில் தகவல் அமைப்பு, அல்லது இங்கேயே பினாங்கு மிண்டனில் யுஎஸ்எம் பல்கலைக்கழகத்தில் கணினி அறிவியல். அரசுப் பல்கலைக்கழகக் கட்டணத்துக்கு வீட்டை அடகு வைக்கத் தேவையில்லை, பிடிபிடிஎன் என்ற அரசு உயர்கல்விக் கடன் போதும். இறுதியாண்டு ஆய்வுக்கு அந்தக் கிளினிக்கையே எடுத்துக்கொள்ளலாம். பட்டத்தோடு நிறுத்தினால் கோலாலம்பூரிலும் பினாங்கிலும் பெரிய நிறுவனங்களின் சேவை மையங்களில் செயல்முறை ஆய்வாளர் வேலைக்கு முயலலாம். மேலே ஆராய்ச்சிக்குப் போக விரும்பினால் ஐந்தோவன், ஆகென், தார்த்து, பிரிஸ்பேன் என இந்தத் துறைக்குப் பேர்போன ஊர்கள் இருக்கின்றன. நெதர்லாந்தில் முனைவர் பட்ட மாணவரை வழக்கமாகப் பல்கலைக்கழகமே ஊழியராக எடுத்துச் சம்பளம் கொடுக்கிறது. போட்டி கடுமை, ஆங்கிலத்தில் நன்றாக எழுத வேண்டும், கணிதத்தைக் கண்டு ஒதுங்கக் கூடாது. முதல் ஓராண்டில் அவளுக்கே இது பிடிக்காமல் போனாலும் தகவல் அமைப்புப் பட்டம் கையில் நிற்கும், வீடும் நிற்கும்.

ஒரு எச்சரிக்கை. பிபிஎம்என் சான்றிதழ் என்று ஆயிரக்கணக்கில் கேட்கும் வகுப்புகளுக்கு இப்போது ஒரு வெள்ளியும் கட்டாதீர்கள். தரத்தின் முழு ஆவணமும் அதை வெளியிடும் ஓஎம்ஜி அமைப்பின் தளத்தில் இலவசம். வரைவதற்கான மென்பொருளும் இலவசமாகவே கிடைக்கிறது. காலண்டர் தாளில் இருப்பதை அவள் அதில் திரும்ப வரையட்டும். நாலு வாரம் யாரும் சொல்லாமலே உட்கார்ந்து வரைந்தால், அவள் நாட்டம் என்னவென்று உங்களுக்கே தெரிந்துவிடும்.

பெரியப்பாவுக்கு என்ன சொல்வது என்று அம்மா வாசல் வரை கேட்டுக்கொண்டே போனார். தவணை கட்டப்போவது அவர் இல்லை, ஐந்து வருடம் ஹாஸ்டலில் இருக்கப்போவதும் அவர் இல்லை. மரியாதையாக, பிள்ளை வேறு படிப்பு எடுத்திருக்கிறாள் என்று மட்டும் சொல்லுங்கள். விளக்கம் கேட்டால் என் நம்பரைக் கொடுங்கள். ஏஜென்டிடம் ஏற்கெனவே முன்பணம் கட்டியிருந்தால் ரசீதை எடுத்துக்கொண்டு இந்த வாரமே வாருங்கள், திரும்பக் கேட்கும் கடிதத்தை நானே எழுதித் தருகிறேன்.