கைக்கு எட்டியது வாய்க்கு எட்டாத அணி: வாசகர் கேள்வி – பதில்

அமெரிக்கக் கல்லூரிக் கால்பந்து குறித்து வந்திருக்கும் கேள்விகளில் பெரும்பாலானவை நெப்ராஸ்கா பல்கலைக்கழக அணியின் இழுபறித் தோல்விகளைப் பற்றியவை என்பதால், இம்முறை அவற்றுக்கு மட்டும் பதில் எழுதுகிறேன்.

லிங்கன் நகரிலிருந்து ஒரு வாசகர்: எங்கள் அணி பெரிய வித்தியாசத்தில் தோற்பதே இல்லை. வெற்றியின் வாசல் வரை போய்த்தான் தோற்கிறது. இளைஞர்களிடம் மன உறுதி இல்லை என்பதுதானே இதற்குக் காரணம்?

அப்படி நான் நினைக்கவில்லை. உங்கள் மனத்தில் இருப்பது 2021 பருவமாகத்தான் இருக்கும். அந்த ஆண்டு ஆடிய 12 ஆட்டங்களில் நெப்ராஸ்கா 3-இல் வென்றது, 9-இல் தோற்றது. அந்த 9 தோல்விகளில் எட்டு, 8 புள்ளிகளோ அதற்கும் குறைவாகவோ வித்தியாசம் கொண்டவை. எஞ்சிய ஒன்றில்கூட, ஒஹாயோ ஸ்டேட் என்ற வலிமையான அணியிடம் 26-17 என்று 9 புள்ளிகளில்தான் தோற்றது. பருவம் முழுவதையும் கூட்டிப் பார்த்தால், தான் விட்டுக்கொடுத்த புள்ளிகளைவிட 63 புள்ளிகள் அதிகமாகவே அந்த அணி எடுத்திருந்தது. மன உறுதி இல்லாத அணி மிச்சிகனுடன் கடைசி இரண்டு நிமிடங்கள் வரை 29-29 என்று சமமாக நின்றிருக்காது.

உண்மையில் ஆட்டம் எங்கே கைநழுவியது என்பதற்கு, அதே ஆண்டு செப்டம்பரில் ஈஸ்ட் லான்சிங்கில் மிச்சிகன் ஸ்டேட் என்ற வேறோர் அணியுடன் நடந்த ஆட்டத்தைப் பாருங்கள். இரண்டாம் பாதி முழுவதும் எதிரணியை ஒரு முறைகூடப் பத்து யார்டு கடந்து புதிதாக நான்கு முயற்சிகள் பெற விடாமல் நெப்ராஸ்காவின் தற்காப்பு மறித்து நின்றது. கணக்கில் 20-13 என்று முன்னிலை; நேரமும் நான்கு நிமிடங்களுக்குள் குறைந்துவிட்டது. அந்த நிலையில் பந்தை எதிரணியிடம் உதைத்து அனுப்பும் பன்ட், திட்டமிட்ட பக்கத்துக்கு எதிர்ப்பக்கத்தில் போய் விழுந்தது. பந்தைத் துரத்த வேண்டியவர்கள் அனைவரும் ஒரு பக்கம் ஓடிக்கொண்டிருக்க, மறுபக்கத்தில் அதைப் பிடித்த எதிரணி வீரர் 62 யார்டு ஓடி, பந்தை எல்லைக் கோட்டுக்கு அப்பால் கொண்டுசேர்க்கும் டச் டவுன் போட்டுவிட்டார். கூடுதல் நேரத்தில் நெப்ராஸ்கா 23-20 என்று தோற்றது. அறுபது நிமிடம் நன்றாக ஆடிய தற்காப்பு வீரர்கள் எவரும் அங்கே துணிவு இழக்கவில்லை. ஓர் உதை தவறியது, அவ்வளவுதான்.

அதற்கு முந்தைய வாரம் ஓக்லஹோமாவிடம் 23-16 என்று தோற்ற ஆட்டத்திலும் இதே வகைக் கசிவுதான். டச் டவுனுக்குப் பிறகு ஒரு புள்ளிக்காக உதைத்த பந்தை எதிரணி தடுத்து, மறுமுனை வரை எடுத்துச் சென்று 2 புள்ளிகளாக மாற்றிக்கொண்டது. எளிதில் கிடைத்திருக்க வேண்டிய ஒரு புள்ளி போய், எதிரணிக்கு இரண்டு சேர்ந்தது. பருவத்தின் கடைசி ஆட்டத்தில் அயோவாவுக்கு எதிராக மூன்றாம் கால்பகுதியில் 21-6 என்று முன்னிலை இருந்தும், நான்காம் கால்பகுதியில் பன்ட் ஒன்று தடுக்கப்பட்டு அதுவே டச் டவுனாக முடிந்தது, முடிவு 28-21. இழுபறி ஆட்டம் கடைசி நிமிடத்தில் தோற்கப்படுகிறது என்று நாம் எண்ணுகிறோம். பெரும்பாலும் அது யாரும் கவனிக்காத உதைகளில், அதற்கு முன்பே தோற்கப்பட்டிருக்கிறது.

ஒமாஹாவிலிருந்து ஒரு வாசகி: ‘ஒரு ஸ்கோர் ஆட்டம்’ என்பதற்கு ஏன் 8 புள்ளி என்று எல்லை வைத்திருக்கிறார்கள்?

டச் டவுனுக்கு 6 புள்ளி. அதன் பின் உதைத்தால் 1, பந்தை ஏந்தி மீண்டும் உள்ளே நுழைந்தால் 2. ஆக, பந்து ஒரு முறை கைக்கு வந்தால் அதிகபட்சம் 8 புள்ளி எடுக்கலாம். வித்தியாசம் 8-க்குள் இருக்கும்வரை ஒரே வாய்ப்பில் ஆட்டத்தைச் சமன் செய்துவிட முடியும் என்பதே அந்த எல்லையின் பொருள்.

மினியாபொலிஸிலிருந்து ஒரு வாசகர்: எல்லாமே அதிர்ஷ்டம்தான், அடுத்த ஆண்டு தானாகச் சரியாகிவிடும் என்று என் நண்பர் வாதிடுகிறார். இதில் எவ்வளவு உண்மை?

பாதி உண்மை. கீழே விழுந்து உருளும் பந்தை எந்த அணி கைப்பற்றும் என்பது ஏறக்குறைய நாணயம் சுண்டுவதைப் போன்றது. முட்டை வடிவப் பந்து எந்தப் பக்கம் துள்ளும் என்று யாராலும் சொல்ல முடியாது. ஒரு பருவத்தில் இழுபறி ஆட்டங்களை எல்லாம் வென்ற அணி மறு பருவத்தில் அவ்வாறே வெல்வதில்லை. தோற்ற அணியும் தொடர்ந்து தோற்பதில்லை. உங்கள் ஊரின் தொழில்முறை அணியான வைக்கிங்ஸ் 2022-இல் ஒரு ஸ்கோர் ஆட்டங்கள் 11-ஐயும் வென்று 13 வெற்றி, 4 தோல்வி என்று பருவத்தை முடித்தது. ஆனால் அந்தப் பருவத்தில் அது எடுத்த மொத்தப் புள்ளிகள், விட்டுக்கொடுத்தவற்றைவிடக் குறைவு. பட்டத்துக்கான நாக் அவுட் கட்டமான பிளேஆஃபின் முதல் சுற்றிலேயே நியூயார்க் ஜயன்ட்ஸிடம் 31-24 என்று, அதுவும் ஒரு ஸ்கோர் வித்தியாசத்தில், வெளியேறியது.

ஆனால் நண்பரின் வாதத்தில் ஓர் ஓட்டை இருக்கிறது. நான் மேலே சொன்ன 63 புள்ளி உபரியை அப்படியே நம்பிவிடக் கூடாது. நெப்ராஸ்கா வென்ற மூன்று ஆட்டங்கள் ஃபோர்டாமுக்கு எதிராக 52-7, பஃபலோவுக்கு எதிராக 28-3, நார்த்வெஸ்டர்னுக்கு எதிராக 56-7. எளிய எதிரணிகளிடம் குவித்த புள்ளிகள்தாம் அந்த உபரி. மேலும், அதிர்ஷ்டம் ஓர் ஆண்டில் ஏமாற்றலாம். ஸ்காட் ஃபிராஸ்ட் தலைமைப் பயிற்சியாளராக இருந்த காலம் முழுவதிலும் ஒரு ஸ்கோர் ஆட்டங்களில் அணியின் கணக்கு 5 வெற்றி, 22 தோல்வி. அத்தனை முறை நாணயம் ஒரே பக்கம் விழுந்தால், நாணயத்தைத்தான் சோதித்துப் பார்க்க வேண்டும்.

லிங்கனிலிருந்து இன்னொரு வாசகர்: அப்படியானால் பழி முழுவதும் பயிற்சியாளருக்கா?

பெரும்பங்கு அவருக்கு என்றே நான் கருதுகிறேன். வருத்தத்துடன்தான் சொல்கிறேன், ஏனென்றால் ஃபிராஸ்ட் அந்த மண்ணின் பிள்ளை. 1997-இல் டாம் ஆஸ்போர்னின் கடைசி அணிக்கு, தாக்குதலை வழிநடத்தும் குவார்ட்டர்பேக்காக இருந்து தேசியப் பட்டத்தை வென்று தந்தவர். அவர் திரும்பி வந்தபோது அந்த மாநிலமே மகிழ்ந்தது.

ஆனால் 2022 பருவத்தின் முதல் ஆட்டத்தை எண்ணிப் பாருங்கள். அயர்லாந்தின் டப்ளினில் நார்த்வெஸ்டர்னுக்கு எதிராக மூன்றாம் கால்பகுதியில் 28-17 என்று முன்னிலை. ஆட்டம் அணியின் கட்டுப்பாட்டில் இருக்கிறது. அப்போது பந்தை வழக்கம்போல் தொலைவுக்கு உதைத்து அனுப்பாமல், தானே மீண்டும் கைப்பற்றும் நோக்கில் குறுகிய தூரத்துக்கு உதைக்கும் ஆன்சைட் கிக்கைத் தேர்ந்தெடுத்தார். பின்தங்கி, நேரமும் இல்லாத அணி துணியும் செயல் அது. பந்து எதிரணியிடம் போனது, கூடவே ஆட்டத்தின் போக்கும் மாறியது; 31-28 என்று தோல்வி. அந்தப் பருவத்தில் நார்த்வெஸ்டர்ன் வென்ற ஒரே ஆட்டம் அதுதான். இரண்டு வாரம் கழித்துச் சொந்த மைதானத்தில் ஜார்ஜியா சதர்னிடம் 45-42 என்று தோற்ற மறுநாள், செப்டம்பர் 11 அன்று ஃபிராஸ்ட் நீக்கப்பட்டார். அக்டோபர் வரை பொறுத்திருந்தால் அவருக்குத் தர வேண்டிய 1.5 கோடி டாலர் இழப்பீடு பாதியாகக் குறைந்திருக்கும். பல்கலைக்கழகம் அதற்காகக்கூடக் காத்திருக்கவில்லை என்பதிலிருந்தே அங்கு நிலவிய மனநிலையை உணரலாம்.

கான்சஸ் மாநிலத்திலிருந்து ஒரு வாசகி: கடைசி நேரத்தில் பந்தைத் தவறவிட்ட மாணவனை ரசிகர்கள் வசைபாடுவதைப் பார்க்க மனம் பொறுக்கவில்லை. இது முறையா?

முறையே இல்லை. இவர்கள் இருபதை ஒட்டிய வயதுப் பிள்ளைகள். நான் முன்பு குறிப்பிட்ட மிச்சிகன் ஆட்டத்தில், சமநிலையில் இருந்தபோது குவார்ட்டர்பேக் ஏட்ரியன் மார்டினெஸின் கையிலிருந்து பந்து பறிக்கப்பட்டது. அதைக் கொண்டு, கம்பங்களுக்கு இடையே பந்தை உதைத்து 3 புள்ளி எடுக்கும் ஃபீல்டு கோல் அடித்து மிச்சிகன் 32-29 என்று வென்றது. அவரால் நெருக்கடியைத் தாங்க முடியாது என்று அப்போது எழுதாதவர் இல்லை. முந்தைய ஆட்டம் ஒன்றில் ஏற்பட்ட தாடை எலும்பு முறிவுடன்தான் அவர் ஆடிக்கொண்டிருந்தார் என்பது பின்னர்தான் வெளியில் தெரிந்தது.

மறு ஆண்டு அவர் உங்கள் மாநிலத்தின் கான்சஸ் ஸ்டேட்டுக்கு மாறினார். அங்கே ஓக்லஹோமாவை அதன் சொந்த மைதானத்தில் 41-34 என்று வென்ற ஆட்டத்தில், இறுதிக் கட்டத்தில் மூன்றாம் முயற்சியில் 16 யார்டு தேவைப்பட்டபோது பந்தை ஏந்தி 55 யார்டு ஓடினார். அன்று ஓடியே நான்கு டச் டவுன் போட்டார். ஆள் அவரேதான், மாறியது சூழல். ஒரு மாணவனின் குணத்தை பந்தைத் தவறவிட்ட ஒரு ஃபம்பிளைக் கொண்டு தீர்மானிப்பவர்களிடம் இந்த ஆட்டத்தைக் காட்டுங்கள்.

ஒமாஹாவிலிருந்து ஒரு வாசகர்: மேட் ரூல் தலைமைப் பயிற்சியாளராகப் பொறுப்பேற்ற பிறகு நிலைமை மாறியதா? எதைக் கவனித்தால் இது தெரியும்?

மெதுவாக மாறியது. அவருடைய முதல் பருவமான 2023-இல் 5 வெற்றி, 7 தோல்வி. அந்த 7 தோல்விகளில் ஐந்து மீண்டும் ஒரு ஸ்கோர் ஆட்டங்கள். மினசோட்டா, மேரிலாண்ட், அயோவா ஆகிய மூன்று அணிகளிடமும் 13-10 என்ற ஒரே கணக்கில் தோற்றது நெஞ்சைச் சுட்டது. 2024-இல் அயோவாவிடம் மீண்டும் அதே 13-10. நெப்ராஸ்காவின் குவார்ட்டர்பேக் பந்தை இழந்ததும், 53 யார்டு தொலைவிலிருந்து உதைத்த ஃபீல்டு கோல் நேரம் முடியும் கணத்தில் உள்ளே போனது. எனினும் அந்தப் பருவம் 7-6 என்று முடிந்தது. 2016-க்குப் பிறகு முதல் முறையாக, பருவ முடிவில் நடக்கும் பவுல் ஆட்டத்துக்குத் தகுதி பெற்று, யாங்கி ஸ்டேடியத்தில் பாஸ்டன் காலேஜை 20-15 என்று வென்றார்கள். ஒரு ஸ்கோர் வித்தியாசத்தில் பிடித்து நிறுத்திய வெற்றி என்பதால் அதை நான் பெரிதாக மதிக்கிறேன்.

கவனிக்க வேண்டியது கடைசி நிமிடத்தை அல்ல. முதல் பாதியில் பன்ட் எங்கே விழுகிறது, அதைத் துரத்துபவர்கள் சரியான பக்கம் ஓடுகிறார்களா, 40 யார்டுக்குள் கிடைக்கும் ஃபீல்டு கோல்கள் புள்ளியாகின்றனவா, கடிகாரத்தை நிறுத்த இடைவேளைக்குப் பின் கிடைக்கும் மூன்று டைம் அவுட்களையும் கடைசி ஐந்து நிமிடங்கள் வரை பத்திரமாக வைத்திருக்கிறார்களா என்று பாருங்கள். 2024 முதல் கல்லூரி ஆட்டத்திலும் ஒவ்வொரு பாதியிலும் இரண்டு நிமிடம் எஞ்சியிருக்கும்போது ஓர் இடைநிறுத்தம் வந்துவிட்டது. பின்தங்கிய அணிக்கு அது செலவில்லாமல் கிடைக்கும் இன்னொரு டைம் அவுட். அந்த இடைநிறுத்தத்துக்கு முன் இன்னொரு முயற்சியை ஆடி முடிக்கிறார்களா, அல்லது கடிகாரத்தை வீணே ஓடவிடுகிறார்களா என்பதிலிருந்தே பயிற்சியாளர் எவ்வளவு தயாராக வந்திருக்கிறார் என்பது உங்களுக்குத் தெரிந்துவிடும்.